மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

அன்புள்ள சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் கேட்டது நல்ல ஜெபம் இல்லை. ஒரு மனுஷன் அவமானப்பட வேண்டும் என்று பதிமூன்று வருஷம் கேட்டேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் இது சாட்சி ஆகாது.

என் பெயர் லூர்துமேரி. ஊர் ஏற்காட்டு மலையில் நாகலூர். அப்பா ராயப்பன் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். நான் சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்ததும், 1973-ல் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. நம் வழக்கப்படி கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். யாரும் எழுந்து தடை சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்குச் சொன்னார்கள். மூன்றாம் ஓலை அன்று எஸ்டேட் ரைட்டர் சவரிமுத்து எழுந்து நின்றார்.

"சாமி, இந்தப் பொண்ணுக்குச் சேலத்துல ஏற்கனவே ரிஜிஸ்டர் கல்யாணம் ஆயிருச்சுங்க. விசாரிச்சுட்டுத்தானுங்க சொல்றேன்."

சுத்தப் பொய். கல்யாணம் நின்றது. இரண்டே மாதத்தில் அதே மாப்பிள்ளைக்கு ரைட்டர் தன் மச்சினியைக் கட்டிவைத்தார். அப்போதாவது ஊருக்கு விளங்கியிருக்க வேண்டாமா? விளங்கியிருக்கும். ஆனால் ரைட்டர் பேர் எழுதினால்தான் அன்றைக்கு எஸ்டேட்டில் வேலை. அவரை யார் கேட்பது?

அப்பா அதற்குப் பிறகு கோவிலுக்கே வரவில்லை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். டாக்டர் நெஞ்சுவலி என்றார். சவரிமுத்துதான் என் அப்பாவைக் கொன்றார் என்று நான் முடிவு கட்டினேன்.

கன்னியாஸ்திரிகள் மூலமாக அந்த வருஷமே ஜெர்மனிக்குப் போனேன். கொலோன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு. டியூட்டி முடிந்ததும் தினமும் சிற்றாலயத்தில் முழங்காலில் நிற்பேன். அங்கிருந்த சிஸ்டர்கள் என்னைப் பெரிய பக்தி உள்ளவள் என்று நினைத்தார்கள். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "ஆண்டவரே, அந்த ஆள் அதே கோவிலில், அதே ஜனங்கள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்."

1987-ல் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். எனக்கு இரண்டு மனசு. அங்கே நல்ல வேலை, தனி வீடு, மரியாதை. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று கூட ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிற வாழ்க்கை. தம்பி அந்தோணி கடிதத்துக்குக் கடிதம், கான்வென்ட் மருந்தகத்துக்கு நர்ஸ் தேடுகிறார்கள், வந்துவிடு அக்கா என்று எழுதினான். வர ஆசைதான். ஆனால் சவரிமுத்து சொன்ன பொய் ஊரில் அப்படியே நிற்கும்போது, நான் எந்த முகத்தோடு அந்தக் கடைத்தெருவில் நடப்பது? குடியுரிமைத் தாளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்பா வீட்டைத் தம்பி பேருக்கு மாற்றிவிட்டு, திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டு, இந்த ஊரையே மறந்துவிடுவது என்பது திட்டம்.

வந்த முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மணப்பெண் சவரிமுத்து மகள் அமலி. மாப்பிள்ளை ஆத்தூர்ப் பக்கத்துப் பெலவேந்திரன், ஜெர்மனியில் மெக்கானிக். அந்தப் பெலவேந்திரனை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஜெர்மன் மனைவிக்குப் பிரசவம் பார்த்தது என் வார்டு. குழந்தையைத் துடைத்து அவன் கையில் கொடுத்தவளே நான். ஊரில் யாருக்கும் தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்று அன்று கெஞ்சினான். எந்த ஊர் என்று என்னைக் கேட்டான். சேலம் என்று மட்டும் சொன்னேன். ஏற்காட்டு மலை என்று சொல்ல எனக்குப் பிடிக்காது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரைட்டர் எனக்குக் கேட்கும்படியே யாரிடமோ சொன்னார்: "ராயப்பன் மவளே ஜெர்மனி போறப்ப எம்மவ போவக் கூடாதாங்க?"

போகட்டும் என்று நினைத்தேன். நன்றாகப் போகட்டும். நான் ஒரு விரலையும் அசைக்க வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆண்டவர் என் கையிலேயே கொடுத்துவிட்டார் என்று அன்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு ருசித்தது.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருபது வயசு இருக்கும்.

"ஏனுங்கக்கா, அங்க நொம்பக் குளிருங்களா? என்னென்ன எடுத்துட்டுப் போவட்டுங்க?"

"கம்பளி எடுத்துக்க" என்றேன், முகம் பார்க்காமல்.

"அங்க புடிக்கலீன்னா ஊட்டுக்குத் திரும்பி வந்தரலாமுங்களா? நீங்க ஏனுங்கக்கா இத்தன வருஷமா வரவே இல்ல?"

உன் அப்பனைக் கேள் என்று நாக்கு நுனி வரை வந்தது. "பொழுதாச்சு, போ கண்ணு" என்று அனுப்பிவிட்டேன். எனக்கு ஆண்டவர் மேல்தான் கோபம் வந்தது. இந்தப் பெண்ணை என் வாசலுக்கு ஏன் அனுப்பினார்? ஏமாந்து, பாஷை தெரியாமல், அவமானத்தால் ஊருக்கும் திரும்ப முடியாமல் இவள் அங்கே நிற்பாள். என்னைப் போலவே நிற்பாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் தனியாகச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடையாது. சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அந்த ஆள் ஊர் கூடிய இடத்தில் என்னை அழித்தார். எனக்கும் அதே ஊர் வேண்டும். "ஆண்டவரே, மகளை நீர் பார்த்துக்கொள்ளும், அப்பனை என்னிடம் விடும்" என்று ஜெபித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றதும் எழுந்தேன்.

"சாமி, மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சுங்க. ஒரு பையனும் இருக்கிறானுங்க. நான்தான் பிரசவம் பார்த்தேன்."

"பொய்யி! பழைய வஞ்சத்துல சொல்றாங்க சாமி!" என்று ரைட்டர் கத்தினார்.

"வஞ்சந்தானுங்க ரைட்டரய்யா. ஆனா பொய்யில்லீங்க. கொலோன் சாமியாருக்குத் தந்தி அடிச்சுக் கேளுங்க."

சாமியார் கல்யாணத்தை நிறுத்திவைத்துத் தந்தி அடித்தார். கல்யாணம் அங்கே பங்குக் கோவிலிலேயே நடந்தது என்று பதில் வந்தது. மாப்பிள்ளை மலை ஏறவே இல்லை.

பதில் வந்த அன்று சவரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"எம்மவளக் காப்பாத்திட்டீங்க அம்மணி. அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க. மன்னிச்சுருங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? சொன்ன எடத்துலயே போய்ச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கிற நேரத்தில் அவர் எழுந்தார். ராயப்பன் மகளைப் பற்றி 1973-ல் நான் சொன்னது பொய் என்று சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கண் கொட்டாமல் பார்த்தேன். இனித்தது. பூசை முடிந்து கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, வந்த நாளிலிருந்து முகத்தை மறைக்கப் போட்டுக்கொண்ட முக்காடு இல்லாமல் நடக்கிறேன் என்று. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதுவிட்டேன்.

குடியுரிமைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. கொலோனுக்குப் போய் வேலையை விட்டுவிட்டு, 1988-ல் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். நான்கு வருஷமாகக் கான்வென்ட் மருந்தகத்தில் இருக்கிறேன். அமலியை ஏற்காட்டிலேயே ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவளுடைய முதல் பிரசவத்தை நான்தான் பார்த்தேன். ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி. நான் கேட்டது ஒரு மனுஷனின் அவமானம். அதைக் கொடுக்கும்போதே அந்தப் பெண்ணையும் காப்பாற்றி, என்னையும் ஊர் சேர்த்துவிட்டார்.

சவரிமுத்துவை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். பூசையில் எல்லோரும் சேர்ந்து பரலோக மந்திரம் ஜெபிக்கும்போது, பிறர் குற்றம் பொறுக்கிற அந்த வரியில் இன்றைக்கும் என் வாய் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். ஆகவே, மனசு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள். கசப்பு இருந்தால் கசப்போடே போய் முழங்காலில் நில்லுங்கள். நான் பழியைத்தான் கொண்டு போனேன். அவர் என்னை வெளியே போ என்று சொல்லவில்லை.