அசல் எங்கே?

பக்கத்து அறையில் பீரோ கதவு கிறீச்சிட்டது.

கூடத்தில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள். தையல் மிஷினுக்குப் பின்னால் அம்மா. நாற்காலியின் நுனியில் மகள். எதிரே மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், கடன் கம்பெனிக்காரர்.

அந்தப் பீரோவின் சத்தம் அந்த வீட்டில் ஒரு பழைய வேடிக்கை. அப்பா பூட்டு ரிப்பேர்க்காரர். ஊர்க் கதவுக்கெல்லாம் எண்ணெய் விடுகிறவருக்குச் சொந்தப் பீரோவுக்கு ஒரு சொட்டு விட நேரமில்லை என்று அம்மா குத்திக் காட்டுவாள். "அது திருடனுக்கு வெச்ச அலாரம்டி" என்பார் அவர். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை எடுத்து வருகிறேன் என்று அவர் உள்ளே போய்ப் பத்து நிமிடமாகிவிட்டது. பீரோ இப்போதுதான் திறக்கிறது.

மூடிய பீரோவின் முன்னால் பத்து நிமிடம் நின்று அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார்?

மகளுக்குத் தெருவில் 'ஊசி' என்று பெயர். ஆளும் ஊசிபோல்தான் இருப்பாள், வேலையும் ஊசியோடுதான். பத்தொன்பது வயதில் நாய், பூனை பார்க்கும் ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். இப்போது இருபத்தேழு. முரட்டு நாயை மடக்கிப் பிடிப்பது, கட்டுப் போடுவது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் அவள்தான். கால்நடை மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதினாள். மூன்றாவது முறை இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அம்மா யாரையும் கேட்காமல், யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியில் ஒரு டாக்டர் கோட்டு தைத்துவிட்டாள். அது இப்போதும் சுவரில் ஆணியில் தொங்கியது. ஆள் இல்லாத கோட்டு. மின்விசிறிக் காற்றில் அதன் கைகள் லேசாக ஆடின.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முதல் வருடக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை.

ஆசைப்பட்டது கைக்கெட்டும்போதுதான் பயம் வரும். ஊசிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஐந்தரை வருடப் படிப்பு. வெளியே வரும்போது வயது முப்பத்துமூன்று. அதற்குள் அம்மாவின் கண் என்ன ஆகும், அப்பாவின் கை என்ன ஆகும்? அவளுடைய கிளினிக் டாக்டரே படித்த கடனைப் பதினான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். "வாழ்த்துகள்மா" என்று கை கொடுத்தவர், அந்தக் கையை விடாமலே, "நல்லா யோசிச்சியா?" என்றும் கேட்டார்.

அது போதாதென்று, அந்தப் பழுப்பு நாய் வேறு. போன புதன்கிழமை ஒருவர் கொண்டுவந்து விட்டார். குடலில் அடைப்பு. அறுத்தால் பிழைக்கும். செலவைச் சொன்னதும் முகம் செத்துப்போய், "கொஞ்சம் பாத்துக்கங்க, பணம் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனார். வரவில்லை. வியாழன் முழுக்கக் கிளினிக் கதவு திறந்தபோதெல்லாம் நாய் தலை தூக்கிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை தூக்கவில்லை. இதைத்தான் நான் கடன் வாங்கிப் படிக்கப்போகிறேனா என்று ஊசி அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மிருகத்தையும் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தள்ளி நின்று மூச்சை எண்ண வேண்டும். வாயில்லாத ஜீவன் வலியை மறைக்கும். மூச்சை மறைக்க அதற்குத் தெரியாது. அந்தப் பழக்கம் ஊசிக்கு வீட்டிலும் விடாது. எதிரே இருந்த கடன்காரரின் சட்டைப் பித்தானைப் பார்த்து எண்ணினாள். பன்னிரண்டு. தூங்குகிற மிருகத்தின் மூச்சு. இல்லையென்றால், பதுங்கியிருக்கிற மிருகத்தின் மூச்சு.

வந்ததும் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்திருந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்துவிட்டு, ஒவ்வொரு சுவரையும் விரல் மடக்கித் தட்டி, காது கொடுத்துக் கேட்டார்.

"நல்ல சுவரும்மா" என்றார் அம்மாவிடம்.

"நான் வித்த வளையலெல்லாம் அதுக்குள்ளதாங்க இருக்கு" என்றாள் அம்மா. சிரிப்பாகச் சொல்ல நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்தார். கடன்காரர் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். முத்திரை இருந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினார். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"சார், அசல் எங்க?"

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அசல்ல இன்னும் கைவைக்க முடியல சார்... வட்டி மட்டும்தான் கட்டிக்கிட்டு வந்தேன். நாலு மாசமா அதுவும்..."

மிஷின் சக்கரத்தில் இருந்த அம்மாவின் கை வழுக்கி, தையல் ஊசி ஒரு முறை மேலே போய்க் கீழே இறங்கியது.

"நான் கேட்டது அசல் பத்திரத்த சார்" என்றார் கடன்காரர் மிக மென்மையாக. "இது கலர் ஜெராக்ஸ்."

எத்தனையோ பூட்டைச் சத்தமில்லாமல் திறந்த மனிதர். தன் வாயைப் பூட்டி வைத்திருந்தார் இரண்டு வருடம். ஒரே ஒரு சொல் சாவிபோல் நுழைந்து திறந்துவிட்டது.

"எந்தக் கடன்? என்ன வட்டி?" அம்மா எழுந்துவிட்டாள். "ஏங்க, உங்களத்தான். என்ன வட்டி?"

"பாப்பாவோட கோச்சிங் கிளாசுக்கு..."

"அது லாட்ஜ் ஆர்டர் பணம்னு சொன்னீங்களே! நூத்திருபது ரூமுக்குப் பூட்டு மாத்தினேன்னு சொன்னீங்களே!"

"ஒரு ரூம்கூட இல்ல."

"ஐயோ, போறவ வர்றவகிட்டயெல்லாம் பெருமையடிச்சேனே! கைவலின்னு சொன்னீங்கன்னு தைலம் வேற தேச்சுவிட்டேனேய்யா!"

அந்தத் தைலம் தேய்த்த கையைத்தான் அவர் இப்போது மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பெற்ற பெண்ணுக்காகத் திருடியவன்போல் நிற்கும் தகப்பனை எந்தப் பெண்ணால் பார்க்க முடியும்? ஊசியால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மார்பைப் பார்த்தாள். கை பழக்கத்தில் மணிக்கட்டுக் கடிகாரத்தைத் திருப்பியது. முப்பத்தாறு. கிளினிக்கில் அந்தக் கணக்கு வந்தால் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்; தூக்கி மேஜையில் போடுவார்கள்.

"அப்பா, நீ உக்காரு மொதல்ல." அவரை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு திரும்பினாள். "சார், மன்னிச்சுக்கங்க. எனக்குக் கடன் வேணாம். நான் படிக்கப் போகல. கிளினிக்லயே இருந்துக்கறேன்."

"தாராளமா மேடம். உங்க இஷ்டம்." அவர் ஃபைலின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். மடிப்பு விழுந்த தாள். அதில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. "ஆனா இந்தப் பழைய கடனக் கொடுத்தது எங்க முதலாளியோட தம்பி கம்பெனி. பத்திரம் எங்க லாக்கர்லதான் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை கதவுல நோட்டீஸ் ஒட்டணும்."

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் ஊசி.

"சார் வாயாலயே வரட்டும்னு இருந்தேன்."

அவருடைய மூச்சு இன்னும் பன்னிரண்டுதான்.

"வழி இல்லாம இல்ல மேடம். பழசு, புதுசு ரெண்டையும் ஒண்ணாக்கி உங்க பேர்ல போட்டுடலாம். சார் விடுதலை. வட்டி நின்ன விஷயம் போயிடும். நோட்டீஸ் கிடையாது. நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு ரூபா கட்ட வேணாம்."

"கட்ட வேணாம். சரி. வட்டி ஏறுமா?"

கடன்காரர் முதல் முறையாக அவளைக் கவனித்துப் பார்த்தார். "ஏறும் மேடம்."

"நடுவுல ஒரு வருஷம் ஃபெயிலாயிட்டா? முடியலன்னு வெளிய வந்துட்டா?"

"அன்னிக்கே மொத்தமும் கட்டணும்."

இந்த ஒரு வாரமாகப் போகலாமா வேண்டாமா என்று புரண்டாளே, அந்தக் கேள்வியே இப்போது இல்லாமல் போய்விட்டது. படிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை நோட்டீஸ், அதற்குப் பின்னால் வீடும் போகும். படித்தால், இனி ஒரு பரீட்சையிலும் தவறக் கூடாது. ஒரு நாளும் காய்ச்சல் வரக் கூடாது. மனம் வெறுத்தாலும் திரும்பி வரக் கூடாது. கனவு கண்ட படிப்புதான். கழுத்தில் கயிற்றோடு வந்து நின்றது.

"பாப்பா, வேணாம்" என்றார் அப்பா. அவளிடமா, கடன்காரரிடமா என்று தெரியாதபடி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நீ பேசாம இருப்பா. மூச்ச இழுத்து விடு."

எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நாய் கடித்த தழும்பு இருந்த கை ஒவ்வொரு தாளையும் தானே புரட்டியது. அம்மா ஆணியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

கடன்காரர் மையை ஊதி உலர்த்தினார். எழுந்தவர், ஏதோ மறந்ததுபோல் நின்றார்.

"ஒரு சின்ன விஷயம் சார். அப்பப்போ வீட்ட மதிப்புப் போட ஆள் வருவாங்க. நீங்க மூணு பேரும் வேலையா இருப்பீங்க. வாசக் கதவுக்கு ஒரு டூப்ளிகேட் சாவி ஃபைல்ல இருக்கணும். வெளிய போய்ப் போடச் சொல்லியிருப்பேன். உங்க வீட்டுல அந்தக் கஷ்டம் இல்ல, பாருங்க." அதைப் பெரிய ஹாஸ்யமாக நினைத்துச் சிரித்தார்.

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு ஜன்னலடியில் இருந்த சாவி வெட்டும் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். தன் வீட்டுச் சாவியை ஒரு பக்கமும் வெறும் தகட்டை மறுபக்கமும் முடுக்கினார். இரும்பு அலறியது. பித்தளைத் தூள் மடியில் உதிர்ந்தது. முப்பது வருடமாக யார் வீட்டுச் சாவி வெட்டினாலும் முனையைச் சட்டையில் துடைத்துத்தான் கொடுப்பார். இதையும் துடைத்தார்.

"சூடா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

கடன்காரர் வாசலுக்குப் போனார். செருப்பை நிதானமாக மாட்டினார். "படிப்பு நல்லா முடியணும் டாக்டரம்மா" என்றார். தானே கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.

அவர் போகவில்லை. வெளியே புதுச் சாவி பூட்டில் நுழையும் சத்தம் கேட்டது. ஒரு முறை பூட்டியது. ஒரு முறை திறந்தது. கிறீச்சிடாமல், அப்பாவின் வேலைக்கே உரிய சுத்தத்தோடு.

பிறகுதான் காலடிகள் படியிறங்கின. ஊசி மூடிய கதவையே பார்த்தபடி, தலை தூக்கி உட்கார்ந்திருந்தாள்.