பழனி என்று கூப்பிடும் ஊர்

இந்த ஊரில் தினமும் காலையில் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். புனேயின் ஹிஞ்சேவாடியில் இருக்கும் என் கம்பெனியின் கார் டிரைவர் கீழே நின்று, "பழனி சர், சலா!" என்று குரல் கொடுப்பார். சலா என்றால் கிளம்பலாம். என் பெயர் செந்தில். மராட்டியர்களுக்குக் கடைசியில் வருவது குடும்பப் பெயர். நம்மிடம் அது ஏது? இனிஷியலை விரித்துப் பழனிச்சாமி என்று எழுதிக் கொடுத்தேன். புனே அதன் வாலை நறுக்கி என்னையே பழனி ஆக்கிவிட்டது.

ஊரில் அப்பாவைப் பழனி என்று கூப்பிட அவருடைய தறிப்பட்டறைக் கூட்டாளிகளுக்கு மட்டுமே உரிமை. மலையேறி வேண்டிப் பெற்ற பிள்ளை என்று தாத்தா வைத்த பெயர். அம்மா முழுப்பெயரையும் சொன்னதில்லை, அரைப்பெயரையும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னே தள்ளுவாள். பழனிக்குப் போவதென்றாலும் "மலைக்குப் போலாம்" என்பாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று நம்பியவள். அப்படிக் காத்தும் போன தை மாதம் அவர் போய்விட்டார்.

தனியாக இருக்க வேண்டாமென்று அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். முதல் நாள் காலையில் கீழிருந்து அந்தக் குரல் வந்ததும் கையில் தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றுவிட்டாள். கீழே போய், பழனி என் அப்பாவின் பெயர், இனிமேல் செந்தில் என்றே கூப்பிடுங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் சர், அப்பா பேருன்னா இஸ்ஸத் தானே?" என்று இந்தியில் கேட்டார். மரியாதைதான், இல்லையென்று யார் சொன்னது? அம்மாவின் வழக்கத்தை என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதோ சண்டை என்று புரிந்துகொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று என் தோளைத் தட்டினார்.

அந்த வாரம் முழுக்க நான் செந்தில் சர். அம்மா சரியாகவே சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"ஏங்கண்ணு, அந்தப் பேரச் சொல்ல வேண்டாம்னுட்டியா?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா."

"அவரு கூட்டாளிக ஒருத்தரும் இப்ப இல்ல. எனக்குச் சொல்ல வாயே வர மாட்டேங்குது. இங்க வந்துதான் அந்தப் பேரு காதுல உழுந்துச்சு. அதையும் நிறுத்திப்போட்டியே சாமி."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மறுநாளே டிரைவரிடம் சொல்லிப் பழைய பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் கார் வரும் நேரத்துக்கு முன்பே அம்மா பால்கனிக்கு வந்துவிடுகிறாள். நான் ஏறி, கார் தெருமுனையில் திரும்பும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வழியனுப்புவது என்னையா, அவரையா என்று நான் கேட்டதில்லை.