மொபெட் மேடேறிய கதை

தோல் பண்டல்களை ஏற்றிவந்த என் கணவர், மேம்பாலத்து ஏற்றத்தில் மொபெட்டோடு மல்லாந்து விழுந்தார். கையில் மாவுக்கட்டு. அன்றிலிருந்துதான் ஒன்பதாவது படிக்கும் என் மகள் பவித்ராவின் போக்கு மாறியது.

நான் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் செல்போனைக் கவிழ்த்து வைப்பாள். கேட்டால், “சயின்ஸ்மா” என்பாள். என் போனில் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தேன்; வீட்டுப்பாடமே வந்திருக்கவில்லை. அவள் போனின் பூட்டு நம்பரையும் மாற்றிவிட்டாள். எவனோ ஒரு பையன்தான் என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் சட்டென்று போனைப் பிடுங்கினேன். “இன்னாடி மறைக்கிற?”

திரையில் ஒரு பொம்மை மொபெட், பின்னால் பெரிய சுமை. மேட்டில் ஏறியதும் முன்சக்கரம் தூக்கி, ஓட்டியவன் மல்லாந்தான்.

“நாமளே வண்டி செஞ்சு ஓட்டுற கேம்மா. எடை, ஏத்தம் எல்லாம் நெஜம் மாதிரியே இருக்கும். அப்பா ஏன் விழுந்தாருன்னு பாக்குறேன். நீ பாத்தா அழுவியேன்னுதான் காட்டல.”

சுமையில் பாதியை முன்பக்கம் நகர்த்தினாள். வண்டி மேடேறியது.

“முன்னாடி காலடியில வச்சா செருப்பு பட்டு தோல்ல கீறல் விழும். கம்பெனியில திருப்பிடுவாங்க,” என்றார் மாவுக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர். அந்தப் பயத்தில்தான் எப்போதும் மொத்தத்தையும் பின்னால் ஏற்றியிருக்கிறார்.

“பழைய போர்வைய சுத்தி வைங்கப்பா,” என்றாள் பவித்ரா.

இப்போது அவர் மறுபடியும் வேலைக்குப் போகிறார். சந்தேகப் புத்தி என்னை விடவில்லை. தினமும் வாசலில் நின்று, மொபெட்டில் அந்தப் போர்வை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவரைப் போகவிடுகிறேன்.