ஓய்வுநாளில் அவிழ்த்த மூட்டைகள்

அமெரிக்கா போரில் இறங்கப்போகிறது என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. டேனா போஸ்மாவுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. மிச்சிகனில் எங்கள் டச்சுக்காரர் ஊரில் ஞாயிறு ஓய்வுநாள், எந்த வேலையும் கூடாது; வானொலிப் பெட்டிக்குக்கூடத் துணி போட்டு மூடிவிடுவோம்.

மறுநாள் பால் வண்டிக்காரன் வந்து, "என்னக்கா, ஜப்பான்காரன் நேத்து நம்ம கப்பல் மேல குண்டு போட்டுட்டான், நீங்க பாட்டுக்குப் பால் கறக்கிறீங்க!" என்றான்.

"ஓய்வுநாள்லயா போட்டான்? பாவி!" என்றாள் டேனா.

அவள் அப்படித்தான். ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே சீவி வைக்காதவளைக் கோயில் வாசலிலேயே பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்த வாய்க்குத் தப்பியவர்கள் எங்கள் ஊரில் யாருமில்லை.

போர் ஒவ்வொன்றாகக் கேட்டது. சர்க்கரையைக் கேட்டது, டயரைக் கேட்டது, பொரித்து மிஞ்சிய கொழுப்பைக்கூட டப்பாவில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. டேனா எல்லாவற்றையும் கொடுத்தாள். ஒரே மகன் யெல்லேயும் கடற்படைக்குப் போனான். மூன்றாம் வருஷம் இலையுதிர்காலத்தில் அரசாங்கம் வேலியோரத்தில் முளைக்கும் 'பால்களை' என்ற களையின் காய்களைக் கேட்டது. எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடி அது. கடலில் விழுந்தவரை மிதக்கவைக்கும் மிதவைச் சட்டைக்குள் திணிக்க ஜாவாவிலிருந்து வந்த இலவம்பஞ்சை ஜப்பான்காரன் மறித்துவிட்டான். இனி இந்தக் காயின் பஞ்சுதான். இரண்டு மூட்டைக் காய் ஓர் உயிரைக் காக்கும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது.

"முப்பது வருஷமா இந்தச் சனியனைப் பிடுங்கிப் பிடுங்கி என் இடுப்பு ஒடிஞ்சுது. இப்போ தேடிப் பொறுக்கணுமாம்!" என்று புலம்பிக்கொண்டே பொறுக்கினாள்.

"மாடு தின்னா சாகும், மனுசன் மாட்டிக்கிட்டா பொழைப்பான். நல்ல செடிடி!" என்று சிரித்தான் கணவன் ஹார்ம்.

வெங்காயச் சாக்குகளில் காயை நிரப்பி, காற்றாட வேலிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். எண்பத்து நான்கு மூட்டை. திங்களன்று லாரி வரும். அதற்குள் நனைந்தால் பஞ்சு பூசணம் பிடித்து ஒன்றுக்கும் உதவாது.

ஞாயிறு காலை, பிரசங்கத்தின் நடுவில் இடி இடித்தது. எல்லார் கண்ணும் ஜன்னலுக்குப் போனது, ஒருவரும் அசையவில்லை. டேனா எழுந்தாள்.

ஹார்ம் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "உக்காருடி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

நடுவழியில் விறுவிறுவென்று நடந்து வெளியேறினாள். அம்மாடி, அந்தத் தைரியம் எங்களில் வேறு யாருக்கு இருந்தது! கோயில் உடுப்போடேயே அத்தனை மூட்டையையும் ஒற்றையாளாக அவிழ்த்துத் தொழுவத்தில் சேர்த்தாள். கடைசி மூட்டை உள்ளே போனபோது மழை கொட்டியது. மறுநாள் லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

புதன்கிழமை சபை மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டு வருந்தாவிட்டால், கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனத்தில் அவளுக்கு இடமில்லை. அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்குக் கிடையாது. மூப்பர்களில் மூத்தவர் தியூனிஸ், கண்டிப்புக்காரர். போன குளிர்காலத்தில் கப்பல் மூழ்கி அவர் மகன் கெரிட் செத்துப்போனான், உடல்கூடக் கிடைக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிறியா?" என்று கேட்டார் போதகர்.

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சேன், இல்லேங்கல. ஆனா ஐயா, குழியில விழுந்த ஆட்டை ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு கர்த்தரே சொல்லியிருக்காரே. கடல்ல விழுந்த புள்ளையைத் தூக்கக் கூடாதா?" என்றாள். "மறுபடி மழை வந்தா மறுபடியும் எழுந்துதான் போவேன்."

போதகர் தியூனிஸைப் பார்த்தார்.

"எத்தனை மூட்டை?" என்றார் தியூனிஸ்.

"எண்பத்தி நாலு."

"தனியாவா தூக்குன?"

"தனியாத்தான்."

கிழவர் தலை நிமிர்ந்தார். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு முன்னாடி பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன். என்னை ஏம்மா கூப்பிடல?"