எலுமிச்சைக்கு ஒரு பெரிய தொட்டி

பிரியாணியோடு வந்த எலுமிச்சையின் விதையைப் போன வருடம் இங்கே வளைகுடாவில், கராமா ரூமில் ஒரு தயிர் டப்பாவில் புதைத்தேன். இப்போது ஒரு முழம் இருக்கிறது. மகள் வளர்ந்ததைப் போட்டோவில்தான் பார்த்தேன். என் கண்ணெதிரே வளர்ந்தது இது ஒன்றுதான்.

இன்று தொட்டி வாங்கச் செடிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகர்கோவில்காரர்.

"வெதையில வந்ததாண்ணே? காய்க்க ஏழெட்டு வருஷம் ஆவும். ஒட்டுச்செடி கொண்டு போங்க, சீக்கிரம் காய்க்கும்."

"ஏழெட்டு வருஷமா? நான் இன்னும் ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவேன்."

"வந்து எத்தன வருஷமாச்சு?"

"பதினொண்ணு."

அவர் உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய தொட்டியைத் தூக்கி வந்தார்.

நானும் மறுக்காமல் சுமந்து வந்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் மற்றவர்களே, உங்கள் தொட்டி என்ன அளவு?