இருமுகிற மிஷின்

பழைய இரும்புக் கடை எதையும் அமராவதி சும்மா தாண்டிப் போனதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரோட்டோரக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். "பெரிய தையல் மிஷின் ஏதாச்சும் வந்துச்சாண்ணே? வீட்டு மிஷின் இல்ல, ரெக்சின் தைக்கிறது" என்று கேட்பாள். இல்லை என்றால் மறுபேச்சில்லாமல் அடுத்த பஸ் ஏறிவிடுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரித்துக்கொண்டது அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

தேடியது அவள் புருஷன் தேவநாதனின் மிஷினை. கடலூர் செம்மண்டலத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பஸ் சீட்டு, ஆட்டோ சீட்டு, தேவனாம்பட்டினத்துப் படகுகளுக்குத் தார்ப்பாய் என்று தைத்துக்கொண்டிருந்தவன். கடைசி வருஷம் இருமல் பிடித்துக்கொண்டது. தைத்துக்கொண்டே இருப்பான், நிறுத்துவான், கக் கக் என்று ரெண்டு தரம் இருமுவான், மறுபடி மிதிப்பான். அடுப்படியில் இருக்கும் அமராவதிக்கு அந்த இருமலை வைத்தே எந்தத் தையலில் இருக்கிறான் என்று சொல்லத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கருமாதி முடிவதற்குள் தேவநாதனின் அண்ணன், இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று, மிஷினைப் பழைய இரும்பு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒத்தாசை செய்கிறோம் என்றுதான் செய்தார். கெட்டவராக இருந்தாலாவது வாய் நிறையத் திட்டியிருக்கலாம்.

சிதம்பரத்தில் ராமாமிர்தம் கடையில், உடைந்த ஃபேன்களுக்கு அடியில் ஒரு மிஷின் கிடந்தது. கம்பெனிப் பெயர் போட்ட தகடு இல்லை. யாரோ கறுப்புப் பெயின்டை அள்ளி ஊற்றி, நம்பர்கூடத் தெரியாமல் மூடியிருந்தார்கள். அமராவதி சக்கரத்தைக் கையால் தன் பக்கமாகச் சுற்றினாள். துணியை அழுத்தும் பாதம் ஒன்றுக்கு ரெண்டாக இருந்தது. ஒன்று ஏற, மற்றது இறங்க, மாறி மாறி நடந்தன. தேவநாதன் மிஷினும் இப்படித்தான் நடக்கும். தடித்த ரெக்சினை அதுவே இழுத்துக்கொண்டு போகும். அவன் இடது உள்ளங்கை வைக்கிற இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். பெயின்டுக்கு அடியிலும் அந்த இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இதாண்ணே" என்றாள்.

"நல்லா பாத்துக்கம்மா. இந்த ஜாதி மிஷின் ஊருக்கு நாலு கெடக்கும்" என்றார் ராமாமிர்தம்.

"எங்க வூட்டு மிஷின் எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்குக் கொண்டுவந்து, பலகையில் பள்ளம் வெட்டி, அடியில் எண்ணெய்த் தட்டு வைத்து, மோட்டாரும் பெல்ட்டும் அவளே மாட்டினாள். ஓட்டினால் நூல் அடியில் கொத்தாகச் சுருண்டுகொண்டது. ஊசியை மாற்றினாள், பாபினை மாற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் கவனித்தாள். மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்திருந்ததால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. வயரைத் திருப்பியதும் தையல் அச்சடித்த மாதிரி விழுந்தது.

விழுந்து கொஞ்ச தூரம் போனதும் மிஷின் நின்று, கக் கக் என்றது. பிறகு தானாக ஓடியது.

அமராவதி காலை எடுத்தாள். மறுபடி மிதித்தாள். மறுபடி அதே இருமல். அதே இடைவெளி. "தண்ணி கொண்டாரவா?" என்று அவளையும் அறியாமல் கேட்டுவிட்டாள். பயமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து மத்தியானங்களில் தைக்கத் துணி இல்லாவிட்டாலும் மிஷினை ஓட்டினாள். வீட்டு விஷயமெல்லாம் அதனிடம் சொன்னாள். இருமினால் கொஞ்சம் நிறுத்தி, அது மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தாள். மகள் இலக்கியா முதல் நாளே கேட்டுவிட்டு, "எம்மா, அப்பா மாதிரியே இருக்குதும்மா" என்று வெளிறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் காலேஜ் விட்டு வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள். அமராவதிக்கு அது பெரிதாகப் படவில்லை. போன மனுஷன் வந்துவிட்டான், அவளுக்கு அது போதும்.

ஒரு நாள் இருமல் நிற்கவே இல்லை. மிஷின் தலை கொதித்தது, தீய்ந்த வாடை அடித்தது, சக்கரம் இறுகிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாள் அவள் கண்முன் வந்து நின்றது. இன்னொரு தரம் சாகக் கொடுக்க மாட்டேன் என்று மெக்கானிக் அந்தோணிசாமிக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் குனிந்து பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "எண்ண விட்டியா?"

"தெனம் விட்டேண்ணே."

"மேலயே நின்னு வழிஞ்சிருக்கு. உள்ள சொட்டுகூடப் போவல. ஒரு ஊக்கு குடு."

மிஷின் தலையில் எண்ணெய் விடும் துளைகள் எல்லாமே அடைபட்டிருந்தன. அந்தோணிசாமி ஊக்கால் கிண்டக் கிண்ட, கீழே விரித்த பேப்பரில் கட்டி கட்டியாக மஞ்சள் தூள் உதிர்ந்தது. இடையிடையே சிவப்பு. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சந்தனம், குங்குமம்! ஆயுத பூஜைக்குப் பொட்டு வக்கிறேன்னு வருசா வருசம் ஓட்ட மேலயே அப்பியிருக்கீங்க. பாவம், அது இருமாம என்ன செய்யும்?"

அமராவதிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான முதல் ஆயுத பூஜையில் அவளும் அப்படித்தான் வைத்தாள். தேவநாதன் வெடுக்கென்று துடைத்துவிட்டு, "சக்கரத்துல வைய்யி, ஓட்டையில வச்சித் தொலைக்காத" என்று எரிந்து விழுந்தான். பிறகு அவள் சக்கரத்தில் மட்டும்தான் பொட்டு வைத்தாள். கடைசி வருஷம் வரைக்கும். இந்தச் சந்தனம் அவள் வைத்ததல்ல.

இது அவன் மிஷின் இல்லை.

அந்தோணிசாமி எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டினார். சின்னத் தடங்கல்கூட இல்லை. "இனிமே இருமாது, கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாள் யாரிடம் பேசினோம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ராமாமிர்தத்துக்குப் போன் போட்டாள்.

"அந்த மிஷின எங்க எடுத்தீங்கண்ணே?"

"காட்டுமன்னார்கோயில்ல. ஏன்மா? அந்தூட்டு அம்மா அப்பப்ப கடைக்கு வந்து கேட்டுட்டுப் போவுது. வீட்டுக்காரரு தவறிட்டாராம். அந்தம்மா வீட்டுல இல்லாத நேரம் மவன் வித்துட்டான். நான் பெயின்ட் அடிச்சிப் போட்டதால, பக்கத்துலயே நின்னுங்கூட அதுக்கு அடையாளம் தெரியல. நானும் வாயத் தொறக்கல, வம்பு எதுக்குன்னு."

"அவுங்க என்ன அடையாளம் சொன்னாங்க?"

"அத ஏன் கேக்குற! 'ஓட்டுனா எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருமும்'ங்குது. அத நான் எங்க போட்டு ஓட்டிப் பாக்குறது?"

அமராவதி போனைக் காதில் வைத்தபடியே மிஷின் முன்னால் உட்கார்ந்து மிதித்தாள். ஓடியது. காதைக் கிட்டே கொண்டுபோய் மறுபடி மிதித்தாள். இருமல் இல்லை.

"என்னம்மா, லைன்ல இருக்கியா? உன் நம்பர அதுகிட்ட குடுக்கவா, வாணாமா?"

"குடுங்கண்ணே" என்றாள். "ஆனா இருமல நிறுத்திட்டேன்னு மட்டும் நீங்க சொல்லிடாதீங்க. வந்தா நானே சொல்லிக்கிறேன்."