போட்டோவில் இல்லாதவர்

போன வாரம் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். அதுவும் ஒரு வாசகியிடம்.

சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்காகக் கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன்… அவ்வளவுதான் கடை. தைக்கிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் செல்வி. என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், சட்டென்று சுவரைக் காட்டினார். மெஷினுக்கு நேர் மேலே, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தி வந்த பக்கங்கள் நாலைந்து, கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தன!

எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பூரித்துப்போய் நின்றேன். அந்தப் பூரிப்பு ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

“நீங்க தனியாத்தானக்கா ஊர் ஊராப் போறீங்க?”

“ஆமா.”

“அப்ப போட்டோ யாரு எடுக்கா?”

இத்தனை மாதமாக இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். “டைமர் வச்சு நானே எடுக்கிறதுதான்” என்றேன். குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

செல்வி எழுந்து ஒரு படத்தில் விரலை வைத்தார். எட்டயபுரம் ரோட்டில் நான் ஸ்கூட்டர் ஓட்டி வருகிற படம். “ஓடுத வண்டிக்கு முன்னால டைமர் எப்படிக்கா நிக்கும்?”

சிரித்து மழுப்பினேன். விரல் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. கழுகுமலைப் பாறையில் நான் உட்கார்ந்திருக்கும் படம். “இதுல ஒரு பக்கம் ஓரத்த வெட்டியிருக்கு. நாள் முழுக்க வெட்டுத வேலைதானக்கா பாக்கேன்… எனக்குத் தெரியாதா?”

சேலையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். “எனக்கும் டைவர்ஸ்தான்க்கா. மூணு வருசம் வீடும் கடையுமாவே கெடந்தேன். நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான் ஒரு நா தனியா பஸ் ஏறித் திருச்செந்தூர் போனேன். கடல்ல கால நனைச்சுட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்.”

இப்படிச் சொல்கிறவரிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு சுருக்கம். இருபத்தோரு வருஷக் கல்யாணம், சென்னையில். நாற்பத்தாறாவது வயதில் குடும்ப நல நீதிமன்றத்தில் முடிந்தது. பெட்டியோடு பிறந்த ஊரான கோவில்பட்டிக்கு வந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற அண்ணன், மாடியைக் காலி செய்து கொடுத்தார். கோர்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் கூட வந்தவரும் அவர்தான். ஒரு கேள்வி கேட்டதில்லை. ஊர்தான் கேட்டது!

கேட்கிறவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன். உலகப் பயணம் எல்லாம் இல்லை. இரண்டு லிட்டர் பெட்ரோலில் போய்த் திரும்புகிற ஊர்கள். ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பக்கம். மணியாச்சி ஜங்ஷனில் உட்கார்ந்து, எந்த ரயிலிலும் ஏறாமல் டீ மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். பருத்திக் காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாய்விட்டு அழுதிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு வசதி… யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் இங்கே எழுதினேன். நீங்களும் படித்தீர்கள்.

எழுதாத ஒன்று இருக்கிறது.

போன ஐப்பசியில் ஓட்டப்பிடாரம் பக்கம் போனேன். முந்தின நாள் நல்ல மழை. தார்ரோட்டிலிருந்து ஒரு வண்டிப்பாதை அழகாகப் பிரிந்து போனது. உளுந்து அப்போதுதான் முளைத்திருந்தது. வண்டியோடு அதில் இறங்கிவிட்டேன்! கரிசல் மண்ணில் பிறந்த எவரும் செய்யாத காரியம். இருபத்தோரு வருஷம் சென்னையில் இருந்தால் இதுகூட மறந்துபோகுமா? ஐம்பதடி போவதற்குள் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் கல்லாக நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது. செருப்பு இரண்டும் மண்ணுக்குள்ளேயே நின்றுகொண்டன.

எதிரே ஒருவர் நடந்து வந்தார். கையில் செருப்பு, தோளில் ஐஸ் பாக்ஸ், முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேண்ட். தன் பைக்கைத் தார்ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய்த் திரும்புகிற புத்திசாலி.

“மழைக்குப் பொறவு கரிசல்ல வண்டிய இறக்கலாமா? ஊருக்குப் புதுசா?” என்றார்.

“நான் பொறந்ததே கோவில்பட்டிலதான்!”

“டவுனா… அதான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ‘கூட யாரும் வரலையா?’ என்று அவர் கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத முதல் ஆள்.

உடைமரக் குச்சி ஒன்றை ஒடித்து, மட்கார்டுக்குள் விட்டு, மண்ணைத் தோண்டி எடுத்தார். இரண்டு பேருமாக வண்டியைத் தார்ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, காலில் இருந்த சகதியை நான் வழிக்க ஆரம்பித்தேன்.

“வழிக்காதீங்க. ஈரத்துல வழிச்சா கைக்கும் சேத்து அப்பும். காயட்டும், தானா உதிரும்.”

வக்கீல் பேசினார், கவுன்சலிங் அம்மா பேசினார், சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசினார்கள். யாருமே ‘காயட்டும்’ என்று சொல்லவில்லை. சீக்கிரம் வழித்துப் போடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அழுதுவிட்டேன். இந்தத் தடவை ஹெல்மெட் இல்லை. அவர் மறுபக்கம் திரும்பி, ஐஸ் பாக்ஸில் மிச்சமிருந்த ஊசி மருந்து பாட்டில்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அவர் பெயர் சுப்பையா. இந்த மூன்று சொற்களை எழுத எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

மாட்டாஸ்பத்திரியில் வேலை. வயது ஐம்பது. மனைவி இறந்து ஆறு வருஷம். அவர் குடும்பமே ஆடு வளர்க்கிற குடும்பம். வயலில் ஆடுகளை மொத்தமாக அடைத்து வைக்கிற கிடைக்குப் போய், ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடுப்பூசி போடுகிறவர். எந்த ஊரில் எந்தப் பாதை, எந்தக் கண்மாயில் எப்போது பறவை வரும்… எல்லாம் அத்துப்படி. “அடுத்த ஞாயிறு அந்தப் பக்கந்தான் முகாம், வாரீங்களா?” என்று ஆரம்பித்தது. ஊசி போட்டு முடிக்கும்வரை நான் வேடிக்கை பார்ப்பேன். பிறகு ஊர் பார்க்கப் போவோம். அவர் பைக்கில் அவர், என் ஸ்கூட்டரில் நான்.

போட்டோ எடுக்கச் சொல்லி என் போனைக் கொடுத்தேன். ஆட்டுக்கு ஊசி போடுகிற அதே அக்கறையோடு எடுப்பார். “அசையாம நில்லுங்க… அவ்வளவுதான்… முடிஞ்சுட்டு.” ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ‘முடிஞ்சுட்டு’. ஆட்டிடம் சொல்கிற அதே குரல். இதைக் கேட்டுச் சிரிக்காமல் ஒருத்தி போட்டோவுக்கு நிற்க முடியுமா? என் படங்களில் சிரிப்பு நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான்!

காதல் எப்போது வந்தது? தெரியாது. ஒரு ஞாயிறு அவருக்கு வேறு பக்கம் வேலை. நான் மட்டும் மணியாச்சிக்குப் போனேன். அதே பிளாட்பாரம், அதே டீ. ரயில்கள் வந்தன, போயின. எனக்குக் கொட்டாவி வந்தது. தனியாக இருப்பதுதான் சுகம் என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு, முதல் தடவையாகப் பொழுது போகவில்லை. அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிறகுதான் அந்தக் கழுகுமலைப் படம். சாயங்கால வெயில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. பாறையில் நான் உட்கார்ந்திருக்க, அவருடைய நிழல் நீளமாக என் காலடி வரைக்கும் வந்து விழுந்திருந்தது. படம் எடுக்கிற கையின் முழங்கைகூடத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த ஓரத்தை வெட்டினேன்.

எதற்காக? அண்ணன் பார்ப்பாரே என்ற பயம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற கூச்சம். இந்த இரண்டு மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. ‘தனியாக ஊர் சுற்றும் துணிச்சல்காரி’ என்று நீங்கள் கொடுத்த பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

அந்த இதழ் வந்த வாரம் சுப்பையா பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிப் படித்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, “நிழல வெட்டிட்டீங்க போல” என்றார்.

“அது… பத்திரிகைல லே-அவுட்ல வெட்டியிருப்பாங்க.”

“சரி” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் வந்தார், படம் எடுத்தார், ‘முடிஞ்சுட்டு’ சொன்னார். ஆனால் எடுப்பதற்கு முன்னால், வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நிழல் விழாதபடி தள்ளிப் போய் நின்றார். நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

பழைய வாசகர்களுக்கு ஒரு கை நினைவிருக்கும். என் மகள் பிளஸ் டூ முடித்தபோது மூன்று பேராக ஒரு படம் எடுத்தோம். விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்பா அதைத் தன் வாட்ஸ்அப்பில் வைத்தார்… என்னை வெட்டிவிட்டு. மகளின் தோள்மேல் என் நாலு விரல்களும் ஒரு வளையலும் மட்டும் மிச்சமிருந்தன. அந்தக் கையைப் பற்றி இதே இடத்தில் எழுதினேன். நாலு நாள் சாப்பிட முடியவில்லை என்று எழுதினேன். அதற்கு வந்ததுபோலக் கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை.

‘இதுல ஓரத்த வெட்டியிருக்கு’ என்று செல்வி சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எது வலித்ததோ, அதை அப்படியே இன்னொருவருக்குச் செய்திருக்கிறேன். அவர் பாவம், ‘சரி’ என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அண்ணனிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார். “மாட்டாஸ்பத்திரியிலயா?” என்றார். “ஆமா” என்றேன். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். சாயங்காலம் மதினி மாடிக்கு வந்தார். “ஒங்க அண்ணன் கேக்கச் சொன்னாவ… அவிய மட்டன் சாப்பிடுவாவளா?”

இது சம்மதமா, விசாரணையா? தெரியவில்லை. சாப்பிடுவார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்து செல்வி. சேலையை வாங்கப் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த தையலைக் கடைசி வரை ஓட்டி, நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஆளு இருக்கது வருத்தமில்லக்கா. எங்கிட்டப் பொய் சொன்னீங்கல்லா… அதான் வருத்தம்.”

“தப்புதான் செல்வி.”

“நான் திருச்செந்தூருக்குத் தனியாத்தான் போனேன். அது நெசம். நீங்களும் மொதல்ல தனியாத்தானக்கா போனீங்க? பருத்திக் காட்டு ஓரமா அழுதுட்டு வந்தது…”

“அது நிஜம். எல்லாமே நிஜம்.”

“அப்பச் சரி” என்றார். பிறகு கையை நீட்டினார். “வெட்டாத படம் போன்ல இருக்கா? காட்டுங்க.”

காட்டினேன். இரண்டு விரலால் நிழலைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஆளு நல்ல ஒசரம்லா!” என்றார். சாயங்கால நிழலை நம்பக் கூடாது… சுப்பையா என்னைவிட இரண்டு இஞ்ச்தான் கூடுதல். சொல்லவில்லை. செல்வியின் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழுகுமலை. வழக்கம்போலப் போனுக்காக சுப்பையா கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. “நிழலை வெட்டுனது நான்தான். லே-அவுட் இல்ல” என்றேன்.

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“ஞாயித்துக்கெழம நான் வேற எங்க போவ?”

போனை அவர் பக்கம் திருப்பினேன். “இன்னைக்கு நீங்க நில்லுங்க” என்றேன். “நானா? எதுக்கு?” என்று அவர் பதறிய பதற்றத்தைப் பார்க்க வேண்டுமே! பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார். தலையை வாரினார். சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டார். ஐஸ் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஊசிக்கு நிற்கிற ஆடுகூட இவ்வளவு விறைப்பாக நின்றதில்லை.

“அசையாம நில்லுங்க… அவ்வளவுதான்… முடிஞ்சுட்டு.”

சிரித்துவிட்டார். அந்தப் படத்தைத்தான் இந்த வாரம் அனுப்பியிருக்கிறேன்.

லே-அவுட் நண்பர்களுக்கு: படத்தின் ஓரத்தில் என் நிழல் விழுந்திருக்கிறது… தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.